தட்டும்போதே தடுக்காதீர்கள்

மருந்துக் கடை ஒன்றின் பில்லிங் சாஃப்ட்வேர் போன வாரம் என்னிடம் வந்தது. புகார் ஒரே வரி: "சேவ் அமுக்குறோம் சார், ஒண்ணுமே ஆகல." விலைப் பெட்டியில் 1,250 என்று கமாவோடு அடித்திருக்கிறார்கள். பைத்தான் மொழியில், அடித்ததைத் தசம எண்ணாக்கும் ஃப்ளோட் கமாவை ஏற்காது, எர்ரர் எறியும். ஜன்னலும் பட்டனும் வரையும் பைத்தானின் டிகே-இன்டரில், பட்டனுக்குள் எழும் எர்ரர் கன்சோல் என்ற எழுத்துத் திரையில் அச்சாகும், ஜன்னல் பாட்டுக்கு நிற்கும். கன்சோலே இல்லாமல் பேக் செய்து கொடுத்துவிட்டால் அந்தச் செய்தியை யார் படிப்பது? இதே புகார், கடை மட்டும்தான் மாறுகிறது.

எழுதிய தம்பியைக் கேட்டால் தீர்வு தயாராக இருக்கிறது: "கமா கீயையே பிளாக் பண்ணிடறேன் சார்."

இந்த நம்பிக்கைதான் எனக்கு எரிச்சல். எக்செலிலிருந்து காப்பி செய்து கண்ட்ரோல்-வி அழுத்தினால், உங்கள் கோடு பார்ப்பது வி கீயை. கமா கீயை யாரும் தொடவே இல்லை, கமா உள்ளே வந்துவிட்டது.

பாதி அடித்ததை முழுசாக நினைத்துச் சோதிப்பது இன்னும் மோசம். வயது 18 முதல் 60 வரை என்று ஒவ்வொரு தட்டலிலும் பார்த்தால், 35 அடிக்க வந்தவரின் 3-ஐயே மென்பொருள் விழுங்கிவிடும். -5 வேண்டுமென்றால் முதலில் வெறும் கழித்தல் குறி வந்தாக வேண்டும். பெட்டி ஒரு கணம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்றால் கடைசி இலக்கத்தை அழிக்கவே முடியாது. மனிதர் பேக்ஸ்பேஸைக் குத்திக்கொண்டே இருப்பார். க்யூடி என்ற இன்னொரு ஜன்னல் கருவியை எழுதியவர்களுக்கு இது புரிந்திருக்கிறது. அடித்ததைச் சோதிக்கும் அதன் வேலிடேட்டரில் சரி, தவறு தவிர 'இன்னும் முடியவில்லை' என்று மூன்றாவது பதிலும் உண்டு. டிகே-இன்டரில் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டுதான். சோதிக்கும் ஃபங்ஷனில் எங்கேயாவது பதிலைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வரியை எழுத மறந்தால், அந்தச் சோதனை தன்னையே அணைத்துக்கொள்ளும். அப்புறம் எதை அடித்தாலும் உள்ளே போகும்.

பெயரில் எல்லாமே எழுத்துதானா என்று பார்க்க இஸ்ஆல்ஃபா போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பைத்தான் கணக்கில் புள்ளியும் துணைக்காலும் எழுத்தல்ல. கண்ணன் தேறமாட்டார், கமலாவும் தேறமாட்டார். தமிழ்ச்செல்வி நமக்கு 7 எழுத்து; நீளம் எண்ணும் லென் 13 என்னும்; யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 39 பைட். வரம்பு 10 என்று வைத்தால் 'தமிழ்ச்செல' என்று அறுந்து நிற்கும். 'கொ'வில் உள்ள குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்நாட்டுக் கடைக்கு எழுதுகிறோம், இதைக்கூடச் சோதித்துப் பார்க்காவிட்டால் எப்படி?

அடிப்பவரை அடிக்க விடுங்கள். சேவ் அழுத்தும்போது முன்பின் இடைவெளியை வெட்டி, கமாவை எடுத்து, அப்புறம் எண்ணாக்குங்கள். பணத்துக்கு டெசிமல் என்ற துல்லியமான எண் வகை, ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். இலக்கமா என்று பார்க்கும் இஸ்டிஜிட்டை நம்பாதீர்கள், ² என்ற குறிக்கு அது ஆமாம் போடும், முழு எண்ணாக்கும் இன்ட் எர்ரர் எறியும். தொலைபேசி எண் எண்ணல்ல. இன்ட்டாக்கினால் 044-இன் சுழி போய்விடும். தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்கியூஎல் கட்டளை வரியில் பெயரை ஒட்டாதீர்கள், பாராமீட்டராகத் தனியே கொடுங்கள். "நம்ம கடைக்கு எந்த ஹேக்கர் சார் வரப்போறான்?" என்பார்கள். ஹேக்கர் எதற்கு, ஆங்கிலத்தில் மேற்கோள் குறியோடு பெயர் எழுதும் ஒரு டி'சூசா மாத்திரை வாங்க வந்தால் போதும், அந்தக் குறியிலேயே வரி உடைந்துவிடும்.

ரிப்போர்ட் கால்பேக் எக்ஸெப்ஷன் என்று டிகே-இன்டரில் ஒரு மெத்தட் இருக்கிறது. அதை மாற்றி எழுதி, பிடிபடாத எர்ரரை ஃபைலில் பதியுங்கள், திரையிலும் ஒரு வரி காட்டுங்கள். எந்தப் பெட்டியில் என்ன தப்பு என்பதை அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தமிழில் சொல்லுங்கள்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒரு பெட்டி தப்பு என்பதற்காக மற்றப் பெட்டிகளையும் காலி செய்யாதீர்கள். கவுன்ட்டரில் ஆள் நிற்கும்போது பில் போடும் பெண் மொத்த பில்லையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது.