திரென்கதீஸ்: உடைந்த ஓட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

பார்சிலோனாவின் குவெல் பூங்காவில் பாம்பு போல வளைந்து வளைந்து செல்லும் நீண்ட இருக்கை ஒன்று உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் வண்ணத்தைக் குழைத்துத் தீற்றியது போலத் தெரியும். நெருங்கினால் அத்தனையும் உடைசல். பூப்போட்ட ஓட்டின் ஒரு மூலை, அதை ஒட்டி வெறும் வெள்ளைத் துண்டு, அடுத்துப் பாதி இதழோடு நின்றுபோன ஒரு பூ. ஒரு துண்டைப் போல இன்னொன்று இல்லை. இந்த வேலைப்பாட்டுக்கு அந்தப் பகுதியின் மொழியான கத்தலானில் 'திரென்கதீஸ்' என்று பெயர்.

தமிழில் இதை 'மொசைக்' என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். அது பொருந்தாது. பழைய உரோம மொசைக்கில் கல்லையோ கண்ணாடியையோ சிறு சதுரக் கட்டிகளாக வெட்டுவார்கள். அந்தக் கட்டிக்கு வழங்கும் 'தெஸெரா' என்ற பெயரே 'நான்கு' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. திரென்கதீஸில் அப்படி அளந்து வெட்டுவது கிடையாது. சுட்டு மெருகேற்றி முடித்த ஓட்டையும் தட்டையும் உடைத்துப் பதிக்கிறார்கள். போதாக்குறைக்கு, நம் வீடுகளில் 'மொசைக் தரை' என்றால் சிமென்டில் பளிங்குத் துகள் கலந்து தேய்த்த தரை. சொல்லப்போனால், வெயிலைத் தாங்க மொட்டைமாடியில் உடைந்த வெள்ளை ஓடுகளைப் பதிக்கிறார்களே, அதுதான் திரென்கதீஸுக்கு நெருங்கிய உறவு.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கத்தலானில் 'திரென்கா' என்றால் உடைத்தல். 'தீஸ்' என்னும் விகுதி, அந்தச் செயலுக்கு ஏற்றது என்ற பொருளைத் தரும். தூக்குபாலத்துக்கு அவர்கள் வைத்த பெயரில் வரும் 'லியெவதீஸ்' என்பதும் இதே அமைப்புதான்: தூக்கத்தக்கது. ஆகவே திரென்கதீஸ் என்றால் எளிதில் உடையக்கூடியது. வெயிலிலும் மழையிலும் நூறாண்டைக் கடந்து நிற்கும் வேலைக்கு இப்படி ஒரு பெயர்!

எழுத்துக்கூட்டலிலும் ஒரு திருத்தம் தேவை. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'டிஸ்' என்று முடிக்கிறோம். கத்தலான் ஒலி, இரண்டு உயிர்களுக்கு நடுவே நாம் ஒலிக்கும் தகரத்துக்குத்தான் அருகில் இருக்கிறது. அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் நெடில். குவெல் பூங்காவை வடிவமைத்தவர், அந்தோனி கௌடி என்று நாம் எழுதும் கட்டடக் கலைஞர். அவர் பெயரும் இதே காரணத்தால் 'கௌதி' என்றே இருக்க வேண்டும்.

கௌதி 1852ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை செம்புப் பாத்திரம் செய்யும் கன்னார். தட்டைத் தகடு குடமாக வளைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை விளங்கும். அவர் கட்டடங்களில் கூரையும் சுவரும் புகைபோக்கியும் வளைந்துகொண்டே இருக்கும். பூசணிக்காயின் மேல் செய்தித்தாளை முழுத்தாளாக ஒட்டிப் பாருங்கள், சுருக்கம் விழும். கிழித்துத் துண்டு துண்டாக ஒட்டினால் அழகாகப் படியும். தாளாவது சுருங்கிக்கொடுக்கும், சுட்ட ஓடு அதுவும் செய்யாது. உடைப்பதுதான் வழி. 1884இல் தொடங்கிய குவெல் பண்ணை வாயில் கட்டடங்களிலேயே கௌதி இதைக் கையாண்டுவிட்டார். ஆலைகளில் கழித்த ஓடும் உடைந்த பீங்கானும் இதற்குப் போதும் என்பது கூடுதல் வசதி.

ஆனால் குவெல் பூங்கா இருக்கையின் புகழை கௌதிக்கு மட்டும் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அதன் வண்ணச் சேர்க்கையில் பெரும்பங்கு அவருடன் பணியாற்றிய ஜுசெப் மரியா ஜுஜோலுடையது. இருக்கைக்குக் கீழே, 86 தூண்கள் தாங்கும் மண்டபத்தின் விதானத்தில் தட்டு, கோப்பை, பாட்டில் துண்டுகளால் வட்ட வட்டமாக அவர் செய்தவற்றை அண்ணாந்து பார்த்தால், குப்பைக்குப் போகவேண்டியதை இவ்வளவு கரிசனத்தோடு தொட்ட கை யாருடையது என்று கேட்கத் தோன்றும். கௌதியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஜுஜோலின் பெயரையும் எழுத வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். 'உடையோவியம்' என்று ஆக்கினால் துணி நினைவுக்கு வந்துவிடும். 'ஓட்டுப் பதிப்பு' என்றால் தேர்தலும் அச்சகமும் குறுக்கே வருகின்றன. நம்மிடம் 'சில்லு' இருக்கிறது. பாண்டி விளையாடும் பிள்ளைகள் கட்டத்துக்குள் எறிவது ஓட்டுச் சில்லு. உடைந்த துண்டு, ஆனால் உதவாத துண்டு அல்ல. பதிப்பதற்கு 'இழைத்தல்' என்ற பழைய வினை உண்டு: மணி இழைத்த அணி என்கிறோம். இரண்டையும் சேர்த்தால் 'சில்லிழைப்பு'. தச்சர் இழைப்புளியால் இழைப்பது வேறு என்பது இடம் பார்த்தாலே புரிந்துவிடும். உடைதலும் பதித்தலும் ஒரே சொல்லில் அடங்குவதால் மூலத்தைவிடவும் இது நிறைவானது என்பேன். கத்தலான் சொல்லில் பதித்தல் இல்லை.

வழக்கில் இப்படி வரும்: குவெல் பூங்காவின் இருக்கையில் ஓட்டுச் சில்லிழைப்பு, கௌதி கட்டிய காசா மிலா என்னும் குடியிருப்பின் மாடியில் புகைபோக்கி ஒன்றில் பச்சைப் பாட்டில்களின் கண்ணாடிச் சில்லிழைப்பு.