பிறீசருக்குள் போட்டால் கிருமி சாகாது: வீட்டுப் பன்றி இறைச்சியைப் பழுதாக்காமல் வைப்பது எப்படி?

"பிறிட்ஜுக்குள்ளதானே வைச்சனாங்கள், பிறகேன் மணக்குது?"

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் வரும் கேள்வி இது. நத்தாருக்கும் வரும், உயிர்த்த ஞாயிறுக்கும் வரும், பாசையூர் அந்தோனியார் பெருநாளுக்கும் வரும். இந்த முறையும் வந்தது. ஐந்து கிலோ பன்றி இறைச்சியை எலும்போடு ஒரே சொப்பின் பையில் கட்டி, உடற்சூடு ஆறமுதலே பிறீசருக்குள் திணித்திருக்கிறார்கள். வெளியே கல்லுப்போல இருந்திருக்கிறது. கரைய விட்டுப் பிரித்தால் வெளித்துண்டுகள் இளஞ்சிவப்பு. நடுத்துண்டுகளோ பச்சை கலந்த மண்ணிறம். தொட்டால் விரலில் வழுவழுப்பு ஒட்டுகிறது, எலும்பைச் சுற்றிப் புளித்த மணம். மஞ்சள் போட்டுக் கழுவி, தூளைக் கூட்டிச் சமைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. கூடாது. சில கிருமிகள் இறைச்சியில் விட்டுப்போகும் நஞ்சு, கறி கொதித்தாலும் அழியாது.

குளிர் கிருமியைக் கொல்லாது. இதை எத்தனை தரம் சொன்னாலும் "ஐஸாப் போனா எல்லாம் செத்திடும்தானே" என்றுதான் பதில் வருகிறது. சாகாது. யாழ்ப்பாணத்து வெக்கையில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று நாலு மணித்தியாலத்தில் 4,096 ஆகும். பிறிட்ஜின் 4 பாகை செல்சியஸில் இந்தப் பெருக்கம் மெதுவாகும், நிற்காது. லிஸ்டீரியா என்ற கிருமியும், பன்றியின் தொண்டையில் குடியிருக்கும் யெர்சினியா என்ற கிருமியும் அந்தக் குளிரிலும் வளரும். பிறீசரின் மைனஸ் 18 பாகையில் வளர்ச்சி நிற்கும். ஆனால் சல்மொனெல்லா மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, இறைச்சி கரைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எந்த நிலையில் உள்ளே வைத்தீர்களோ, அந்த நிலையைத்தான் பிறீசர் காக்கும். பழுதாகத் தொடங்கியதைத் திருத்தாது.

"வீட்டில வளர்த்தது, தவிடும் சோறும் திண்ட பண்டி" என்பார்கள். நல்லது. ஆனால் தவிடு தின்ற பன்றியின் குடலிலும் சல்மொனெல்லா இருக்கும். பூச்சிமருந்தோ நுண்ணுயிர்கொல்லி ஊசியோ போட்டிருந்தால், போத்தலில் எழுதியிருக்கும் விலக்குக் காலம் முடியும்வரை வெட்டக்கூடாது. உறையவைத்தாலும் மருந்தின் மிச்சம் குறையாது. தீன் எடுக்காத, காய்ச்சல் காய்கிற, காது நீலம் பாரித்த பன்றியை "சாக முதல் வெட்டுவம்" என்று தயவுசெய்து கத்தியை எடுக்காதீர்கள். கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதலில் சொல்லுங்கள். பங்கு போட்டு விற்பதென்றால் உள்ளூராட்சி சபையின் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும்.

இனி வெட்டும் நாள். முதல்நாள் இரவு தீனை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தவேண்டாம். வயிறு வெறுமையாக இருந்தால் குடல் கிழிந்து இறைச்சியில் சிந்தும் ஆபத்து குறையும். விடிய முதல் வெட்டுங்கள். குடல் எடுத்த கத்தியாலேயே தொடையை அரியாதீர்கள். இரண்டாவது கத்தி வாங்குவது பெரிய செலவில்லை. தோலை மயிர் வழித்துக் கழுவுவது குடல் எடுக்க முதலே முடியவேண்டும். அரிந்த துண்டுகளை வாளித் தண்ணீரில் அலசுவது வேண்டாம். ஒரு துண்டின் அழுக்கு வாளியில் உள்ள அத்தனைக்கும் போகும், ஈரமும் கூடும்.

வெட்டியவுடன் பன்றியின் உடற்சூடு 39 பாகைக்கு மேல். அந்தச் சூட்டோடு பங்குகளை ஓலைப்பாயிலோ லஞ்ச் சீற்றிலோ பரப்பிவிட்டு, பங்குக்காரர் வரும்வரை பத்து மணி மட்டும் காத்திருப்பதுதான் நம்மிடம் நடக்கும் பெரும் பிழை. அறை வெக்கையில் இரண்டு மணித்தியாலம், வெயில் ஏறி 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம், இதுதான் எல்லை. மீன் வியாபாரிகளிடம் இருக்கும் ரெஜிபோம் பெட்டி இதற்கு நல்ல துணை. சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காய்ந்த பெட்டியில் ஒரு அடுக்கு உடைத்த ஐஸ், ஒரு அடுக்கு பையில் கட்டிய இறைச்சி என்று, ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ் வீதம் அடுக்குங்கள். கரைந்த தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இருக்கட்டும்.

பொதி கட்டுவதில்தான் பாதி வெற்றி. ஒருநேரச் சமையலுக்கு வேண்டிய அரைக் கிலோவை ஒரு பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, 2 முதல் 3 சென்ரிமீற்றர் தடிப்பில் புத்தகம்போலத் தட்டையாக்குங்கள். தடிப்பு இரண்டு மடங்கானால் உறையும் நேரம் இரண்டு மடங்குக்கு மேலாகும், நாலு மடங்கை நெருங்கும். ஐந்து கிலோ உருண்டையின் நடு ஏன் புளித்தது என்பது இப்போது விளங்கும். இந்தத் தட்டைப் பொதிகளை ஒரு இரவு பிறிட்ஜின் கீழ்த்தட்டில், தட்டத்தில் பரப்பிக் குளிரவிட்டுப் பிறகு பிறீசருக்கு மாற்றுங்கள். வெட்டிய சூட்டோடு உறையவைத்த இறைச்சி கரையும்போது இழுத்துச் சுருங்கி, எவ்வளவு அவித்தாலும் றப்பர்போல இருக்கும். உப்புப் போட்டு உறையவைக்காதீர்கள். உப்பு கொழுப்பை விரைவில் காறவைக்கும். பன்றிக் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைவிட எளிதில் காறும்.

50 லீற்றர் பிறீசரில் ஒரு நாளைக்கு இரண்டு கிலோ அளவுதான் புதிதாக வைக்கலாம். பதினைந்து கிலோவை ஒரேயடியாகத் தள்ளினால் புதியதும் உறையாது, பழையதும் இளகும். மிச்சம் ஐஸ் பெட்டியில் காத்திருக்கட்டும். பிறீசர் கதவில் நட்சத்திரம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று என்றால் மைனஸ் 6 பாகை, இறைச்சி ஒரு கிழமை. இரண்டு என்றால் மைனஸ் 12, ஒரு மாதம். மூன்று இருந்தால்தான் மைனஸ் 18. அதில் துண்டு இறைச்சி நாலு முதல் ஆறு மாதம், அரைத்தது மூன்று மாதம் நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவுப் பிறிட்ஜில் மேலே இருக்கும் சின்ன ஐஸ் அறையை நம்பி ஆடி மாதத்து இறைச்சியை நத்தாருக்கு வைத்திருக்காதீர்கள். பையில் திகதி எழுதுங்கள்.

உறையவைக்காமல் பிறிட்ஜில் வைப்பதென்றால் துண்டு இறைச்சிக்கு மூன்று நாள், கூடினால் ஐந்து. ஈரல், குடல், அரைத்த இறைச்சி ஒரு நாள், இரண்டு நாள். அவற்றை முதலில் சமைத்து முடியுங்கள். பச்சை இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில் இருக்கவேண்டும். மேலே வைத்தால் இரத்தத் தண்ணீர் சொட்டுவது கீழே இருக்கும் சம்பலிலும் பிள்ளையின் பால்போத்தலிலும்தான்.

கறண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கதவைத் திறக்காவிட்டால் நிறைந்த பிறீசர் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிறைந்தது 24, பிறிட்ஜ் வெறும் 4. ஒரு கோப்பை தண்ணீரை உறையவைத்து, மேலே ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்து, பிறீசரிலேயே விடுங்கள். ஊரில் இல்லாத நேரம் கறண்ட் போய் வந்திருந்தாலும், குற்றி அடியில் உறைந்து கிடந்தால் இறைச்சியும் கரைந்து மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அதைப் புதைத்துவிடுங்கள். நீங்கள் வீட்டில் நிற்கும்போதே கறண்ட் போனதென்றால், நடுவில் இன்னும் ஐஸ் பளிச்சிடும் பொதிகளை அன்றே சமைக்கலாம்.

கரைய வைப்பதை முதல்நாள் இரவே பிறிட்ஜின் கீழ்த்தட்டில் தொடங்குங்கள். அவசரமென்றால் இறுக்கிக் கட்டிய பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தண்ணீரை மாற்றுங்கள். காலையில் குசினி மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகவேண்டாம். துண்டின் நடு 71 பாகை காணும்வரை சமையுங்கள். தடித்த துண்டுகளை நெருப்பில் வாட்டுகிறவர்கள் இதில் கூடக் கவனமாக இருக்கவேண்டும். இறைச்சிக்குள் பச்சரிசிமணி போன்ற வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் இளம்பருவம். பிறிட்ஜ் குளிரில் அது சாகாது. அந்த இறைச்சியைச் சமைக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் இன்னும் பன்றி நிற்கிறவர்களுக்கு. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதியானது. அது மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்குத் தடுப்பூசி போட்டுத் தப்பலாம் என்று இங்கே இருக்கவும் முடியாது. அந்த வைரசு உறைந்த இறைச்சிக்குள் மாதக்கணக்கில், வருடக்கணக்கிலும்கூட இருக்கும். ஆகவே பிறீசரில் பழுதான பொதியையோ, அரிந்து கழித்த கொழுப்பையோ, எலும்பையோ, சாப்பாட்டில் மிஞ்சிய பன்றிக்கறியையோ பன்றித் தொட்டியில் கொட்டாதீர்கள். நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். இறைச்சி கரைந்த தண்ணீரையும் பன்றிக்கூட்டுப் பக்கம் ஊற்றவேண்டாம்.