துடிக்குது தானே, மிஸ்?

இப்படி அடைபட்டுப்போய் வந்த கைகளில் இந்த மாதம் இது மூன்றாவது. வெள்ளவத்தையில் இருந்து வரும் ஐயா திங்கட்கிழமை டயாலிசிஸ் முறைக்கு வந்து கையை நீட்டினார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் நாடியையும் (ஆர்ட்டரி) நாளத்தையும் (வெயின்) இணைத்துச் செய்யும் ஃபிஸ்டியுலாவைத் தொட்டேன், ஒரு அசைவும் இல்லை.

"எப்ப இருந்து ஐயா?"

"வெள்ளி பின்னேரமே அமைதியாத்தான் இருந்தது. திங்கள் வரத்தானே போறன் எண்டு விட்டுட்டன்."

கழுத்தில் குழாய் போட்டுத்தான் அன்றைக்குச் சுத்திகரிப்பு. மற்றக் கையில் புதிதாகச் செய்தால் அது முதிர ஆறு கிழமையாவது வேண்டும்.

அந்தக் கை முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஊசி கழற்றினால் இரத்தம் நிற்க இருபது நிமிடம். மெஷினில் வீனஸ் பிரஷர், அதாவது இரத்தம் உடம்புக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம், ஏறிக்கொண்டே போனது. இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கானுக்குக் கொடுத்த கடிதம் இன்னும் அவருடைய பைக்குள் கிடக்கிறது. ஏன் போகவில்லை? "முந்தியைவிட நல்லாத் துடிக்குது தானே, மிஸ்!"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஃபிஸ்டியுலா அதிர வேண்டும். நாடி இரத்தம் நாளத்துக்குள் தடையில்லாமல் பாய்ந்தால், தையல் மெஷின் ஓடும் மேசையில் கை வைத்தது போல விடாத அதிர்வு இருக்கும். காதை வைத்தால் அறுபடாத இரைச்சல் கேட்கும். மேலே எங்காவது நாளம் ஒடுங்கினால் அதிர்வு குறைந்து, விரலையே தூக்குகிற துடிப்பு வரும். இரைச்சலும் விசில் மாதிரிக் கூர்மையாகி விட்டு விட்டுக் கேட்கும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் ஹோஸை நுனியில் நசுக்கிப் பாருங்கள், பின்பக்கம் விறைக்கும். அதைப் பார்த்து "தண்ணி நல்லா வருது" என்பீர்களா?

கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். புடைத்த நாளம் கொஞ்சமாவது வற்ற வேண்டும். அப்படியே விறைத்து நின்றால் ஸ்கானுக்குப் போங்கள். ஓட்டம் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கினால் நாங்கள் யோசிக்கத் தொடங்குவோம்.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது. நோகாது என்று ஒரே இடத்தைக் காட்டுகிறீர்கள், அவசரத்தில் நாங்களும் அங்கேயே குத்துகிறோம். இனிக் காட்டாதீர்கள்.

வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஃபிஸ்டியுலா உள்ள கையை நீட்டாதீர்கள். பிரஷர் பார்ப்பதும் இரத்தம் எடுப்பதும் மற்றக் கையில்தான். மரக்கறிப் பையை அந்த முழங்கையில் கொழுவிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறாதீர்கள். அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்காதீர்கள்.

காலையும் இரவும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு இல்லையா, உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் 48 மணித்தியாலத்துக்குள் என்றால் பல கைகளைக் காப்பாற்றலாம். ஞாயிறு நடுச்சாமம் என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள், நாங்கள் ஏச மாட்டோம்.