டீலாமினேஷன்: தமிழில் ஏடுபிரிதல்

கூட்டுப்பொருள் தகடுகள் குண்டுவெடிப்பை எப்படித் தாங்கும் என்று கணினியில் ஆராய்பவர்களின் பேச்சில் ஓயாமல் வரும் சொல் டீலாமினேஷன். கார்பன் இழையையோ கண்ணாடி இழையையோ எப்பாக்சி பிசினில் தோய்த்து, ஏடு ஏடாக அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்துத்தான் இந்தத் தகடுகளைச் செய்கிறார்கள். அந்த ஏடுகள் ஒன்றையொன்று விட்டுப்போவதுதான் டீலாமினேஷன். இழை அறுந்திருக்க வேண்டியதில்லை. நடுவில் இருந்த பிசின் பிடிப்பு போயிருந்தாலே போதும்.

இலத்தீனில் லாமினா என்றால் மெல்லிய தகடு. அடையாள அட்டைக்கு நாம் போடும் லேமினேஷனும் இதே வேரில் முளைத்ததுதான். முன்னால் நிற்கும் 'டி' விலகுவதைச் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே கருவியலாளர்கள் செல் அடுக்குகள் பிரிவதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள்.

சரி, வெடிப்பில் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இழை ஓடும் திசையில் கார்பன்-எப்பாக்சி ஏட்டை இழுத்தால் ஏறக்குறைய 2,000 மெகாபாஸ்கல் வரை தாங்கும். அதையே தடிமன் வாக்கில் இழுத்தால் 50 மெகாபாஸ்கல் அளவிலேயே விட்டுவிடும், ஏனென்றால் அங்கே பிடித்துக்கொள்ள இழை இல்லை, பிசின் மட்டும்தான். வெடிப்பு தாக்குவதும் அந்தப் பலவீனத்தைத்தான். வெடிமருந்து மிக அருகில் வெடித்தால் தகட்டுக்குள் அமுக்க அலை பாய்கிறது. பின்பக்கப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது அது இழுவிசை அலையாக மாறி ஏடுகளைப் பிய்க்கிறது. தொலைவில் வெடித்தால் கதை வேறு. தகடு முழுவதும் வளைகிறது, ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கின்றன, அந்த நறுக்குவிசையில் பிடிப்பு விடுகிறது.

விளைவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரியது. வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப அமைவது. தகடு சரியாக நடுவில் இரண்டாகப் பிரிந்து, பாதிகள் தடையின்றி வழுக்கினால், இரண்டும் சேர்ந்தே பழைய விறைப்பில் கால் பங்குதான் தரும். வெளியே பார்த்தால் தகடு முழுசாக இருக்கும். அப்புறம் அதை அமுக்கினால் பிரிந்த ஏடுகள் தனித்தனியே நெளிந்து மடங்கும். ஒரு நன்மையும் உண்டு: பிரிவதற்கே ஆற்றல் செலவாவதால், வெடிப்பின் ஆற்றலில் ஒரு பகுதி அங்கே கரைகிறது.

கணினி மாதிரியில் தகட்டை உறுப்புகள் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். ஏடுபிரிவதைக் காட்ட, ஏடுகளுக்கு இடையில் ஒட்டு உறுப்புகள் என்ற தனி உறுப்புகளை வைக்கிறார்கள். விரிசல்கள் பற்றி 1960இல் டக்டேல், 1962இல் பேரன்பிளாட் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்துகளிலிருந்து வளர்ந்த முறை இது. இடைவெளி திறக்கத் திறக்க எதிர்விசை ஓர் உச்சம் வரை ஏறி, பிறகு படிப்படியாகச் சுழியத்துக்கு இறங்கும். அந்த வரைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் ஒரு சதுர மீட்டரைப் பிரிக்கத் தேவையான ஆற்றல். இந்த உறுப்புகளை விட்டுவிட்டு ஏடுகளை நேரடியாகப் பிணைத்துவிட்டால், கணினியில் தகடு உண்மையைவிட விறைப்பாக நிற்கும். படம் அழகாக வரும், நம்பக் கூடாது.

நுணுக்கத்துக்கு விலையும் உண்டு. 0.125 மி.மீ. தடிமனுள்ள ஓர் ஏட்டை, நொடிக்குச் சுமார் 3,000 மீட்டர் வேகத்தில் செல்லும் அலை 0.04 மைக்ரோ நொடியில் கடந்துவிடும். இத்தகைய கணக்கில் நேரப்படி, அதாவது கணினி ஒவ்வொரு தடவையும் முன்னேறும் கால அளவு, அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. 5 மில்லி நொடி நிகழ்வைப் பின்தொடர ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். அடுக்குப்பிரிவு என்று எழுதலாம், ஆனால் பிரிவு என்றதும் துறை, பகுதி என்ற பொருளும் கூடவே வந்து நிற்கிறது. உரிதல் ஓரத்தில் இழுத்துத் திறப்பதற்குப் பொருந்தும், வழுக்கிப் பிடிப்பு விடுவதற்குப் பொருந்தாது. அடுக்குப்பிளவு என்றால் ஏடே பிளந்தது போலாகிவிடும், அது தனிச் சேதம். எனக்குப் பிடித்தது ஏடுபிரிதல். ஓலைச்சுவடியிலும் பாலேட்டிலும் இருக்கும் ஏடு லாமினாவுக்கு அப்படியே பொருந்துகிறது. பிரிதல், எந்த விதத்தில் பிரிந்தது என்பதைத் திறந்தே வைக்கிறது. ஒரே வேரிலிருந்து மற்றவையும் கிடைக்கின்றன: லாமினேட் ஏட்டடுக்கு ஆகும். சோதனைக்குப் பின் மீயொலியால் தகட்டை அலசி, உள்ளே எவ்வளவு தூரம் விட்டிருக்கிறது என்று வரைபடமாக்குவார்களே, அந்த அளவு ஏடுபிரிந்த பரப்பு. கணினி சொன்ன பரப்பை அதன்மேல் வைத்துத்தான் மாதிரி தேறியதா என்று பார்க்கிறார்கள்.