அட்டையைக் கிழித்துவிட்டுப் பைண்டு செய்யாதீர்கள்: வாக்குரிமைக்குப் பிந்தைய மாதர் சங்க இதழ்கள்

நூலகத்தில் பருவ இதழ்ப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பழைய இதழ்களைப் பட்டியலிடுவதும், கிழிந்தவற்றைச் செப்பனிடுவதும், கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. பெண்கள் வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவியர் பெரும்பாலும் வாக்குரிமைப் போராட்டத்தைக் கேட்டே வருகிறார்கள். 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடுவின் தலைமையில் மகளிர் குழு பிரிட்டிஷ் அரசின் இந்தியத் துறை அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்ததும், 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்ததும் அக்கால நாளிதழ்களிலேயே கிடைத்துவிடுகின்றன. “அதற்குப் பிறகு அந்தச் சங்கங்கள் என்ன செய்தன?” என்று ஒருத்தி கேட்கும்போதுதான் எனக்குக் கை ஓடுவதில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியவை சங்கங்கள் தாமே நடத்திய சிறு இதழ்கள். அவை நம் அலமாரிகளில் பெரும்பாலும் முழுதாக இல்லை.

1921இல் கிடைத்தது முழு உரிமை அன்று. சொத்தும் வரியும் தகுதியாக வைக்கப்பட்டிருந்ததால் பெண்களில் மிகச் சிலரே 1923 தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. சட்டசபையில் உறுப்பினராகும் வழி 1926இல்தான் திறந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிரான அவருடைய முயற்சி, 1929இல் பாதி வெற்றி பெற்று 1947இல்தான் முழுச் சட்டமாயிற்று. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டமும் 1929இல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கூட்டங்கள், தீர்மானங்கள், மனுக்கள், சந்தா வசூல் என்று ஆண்டுக்கணக்கான உழைப்பு இருந்தது. ஓட்டு கிடைத்ததோடு சங்கங்கள் ஓய்ந்துவிட்டன என்று எண்ணுவது, அந்த உழைப்பைப் பதிவு செய்த தாள்களை நாம் படிக்காததால் வரும் பிழை என்றே கருதுகிறேன்.

அந்தத் தாள்களில் முதன்மையானது ‘ஸ்த்ரீ தர்மா’. 1917இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் 1918இலிருந்து 1936 வரை அதை நடத்தியது. லண்டனில் ஹாலோவே சிறையிலும் பின்னர் அயர்லாந்துச் சிறையிலும் வாக்குரிமைக்காக இருந்துவிட்டு 1915இல் இந்தியா வந்த மார்கரெட் கசின்ஸும், டோரதி ஜினராஜதாசாவும், பிற்காலத்தில் முத்துலட்சுமி ரெட்டியும் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர்கள். ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டிருந்தாலும் தமிழ், தெலுங்கு, இந்திப் பகுதிகளும் அதில் உண்டு. ஆய்வாளர்கள் தலையங்கங்களைத் தேடுகிறார்கள். நான் அவர்களைக் கிளைச் சங்கச் செய்திகளைப் படிக்கச் சொல்கிறேன். எந்த ஊரில் எத்தனை பேர் கூடினார்கள், தையல் வகுப்பு நடந்ததா, மனுவில் கையெழுத்து வாங்கினார்களா என்பதெல்லாம் தலையங்கத்தில் வருவதில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயரோடு டபிள்யூ.ஐ.ஏ. என்ற மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். 1954இல் அதைத் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் பெயர்தான் அது. வாக்குரிமைக்குப் போராடிய சங்கம் எப்படி மருத்துவமனை கட்டும் அளவுக்கு வந்தது என்பதைக் கிளைச் செய்திகளும் நன்கொடைப் பட்டியல்களும் இல்லாமல் யாராலும் எழுத முடியாது.

இந்தப் பக்கங்களைத்தான் நாமே அழித்துவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து எங்களிடம் வந்த மாதர் இதழ்த் தொகுதி ஒன்று, பன்னிரண்டு இதழ்களும் சேர்த்துத் தைக்கப்பட்டு, சிவப்புக் காலிகோ துணி ஒட்டி, முதுகில் பொன்னெழுத்துப் பொறிக்கப்பட்டு அழகாகவே இருந்தது. திறந்து பார்த்தால் ஓர் இதழுக்கும் அட்டை இல்லை, விளம்பரத் தாள்கள் இல்லை, பக்க எண்கள் தொடர்ந்து ஓடியதால் எது எந்த மாதம் என்பதும் தெரியவில்லை. தொகுதி தடித்துவிடக் கூடாது என்று அட்டைகளைக் கழித்துவிடுவது பைண்டிங்கில் வெகுகாலப் பழக்கம். சந்தா விவரம், கூட்ட அறிவிப்பு, நிர்வாகிகள் பெயர், நன்கொடை தந்தவர்கள் பெயரும் அணா கணக்கும் எல்லாம் அட்டையின் உட்பக்கத்திலும் பின்பக்கத்திலும்தான் அச்சாகியிருக்கும் என்பதை அன்று யாரும் நினைக்கவில்லை. ஒரு சங்கத்தின் உறுப்பினர் யார் யார் என்று சொல்லக்கூடிய ஒரே சான்று அப்படித்தான் பழைய பேப்பர் கடைக்குப் போனது.

பிரிட்டனிலும் 1918இல் 30 வயதைக் கடந்த, தகுதியுடைய பெண்களுக்கு மட்டுமே வாக்கு வந்தது; ஆண்களுக்குச் சமமான வாக்குரிமைக்கு 1928 வரை காத்திருந்தார்கள். அந்த இடைக்காலத்தில், 1926இல், லண்டன் மகளிர் சேவைச் சங்கம் ஒரு நூலகம் வைத்தது. வேரா டௌவி என்ற நூலகர் 1967 வரை அதைக் காத்தார். துண்டறிக்கை, பதாகை, சங்க அறிக்கை என்று பிறர் குப்பையாகக் கருதியவற்றையும் சேர்த்த அந்தத் தொகுப்பு இன்று லண்டன் பொருளியல் பள்ளியில் இருக்கிறது. போராடிய சங்கமே தன் தாள்களுக்கு ஓர் அறையும் சம்பளம் வாங்கும் ஒரு நூலகரும் வேண்டும் என்று அன்றே நினைத்ததை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் வீட்டிலோ, ஊர் மாதர் சங்கத்தின் பீரோவிலோ இத்தகைய இதழ்களும் ஆண்டறிக்கைகளும் இருந்தால், பைண்டு செய்யாமல் கிடைத்த வரிசையிலேயே வைத்திருங்கள். துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடலாம். கிழிசலில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் பசை பழுத்து எழுத்தையும் தின்றுவிடும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். எடுத்துப்போகச் சொல்லிப் பழைய பேப்பர்காரரை அழைக்கும் முன் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தைக் கேளுங்கள். ஒற்றை இதழ்தானே என்று தயங்க வேண்டாம். எங்கள் வரிசைகளில் காணாமல் போயிருப்பவை ஒற்றை இதழ்களே.

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஏழு இதழ்களைக் கொண்டுவந்தார். அட்டைகள் பழுத்திருந்தாலும் முழுதாக இருந்தன. ஓர் அட்டையின் மேல் ஓரத்தில் பென்சிலால் ஆறு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆறு வேறு கையெழுத்துகளில் இருந்தன. ஐந்து பெயர்களுக்கு நேரே படித்தாயிற்று என்று கோடு போடப்பட்டிருந்தது. ஒரு சந்தாவில் வந்த இதழை ஆறு வீடுகள் பகிர்ந்து படித்திருக்கின்றன. அந்த ஆறு பெயர்களையும் பட்டியல் அட்டையில் அப்படியே எழுதி வைத்தேன்.