பிரஸ்ஸல்ஸின் கணக்கும் எய்பாரின் பட்டறையும்

2000 மார்ச்சில் லிஸ்பன் நகரத்தில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், பத்தே வருஷத்தில் உலகத்திலேயே போட்டித்திறன் மிக்க அறிவுப் பொருளாதாரமாக ஐரோப்பா மாறிவிடும் என்று எழுதிவைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அதோடு ஒரு எண்ணும் சேர்ந்தது: மொத்த உற்பத்தி மதிப்பில், அதாவது ஜிடிபியில், 3 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். 2010 வந்தது, 3 வரவில்லை. சரி என்று ‘ஐரோப்பா 2020’ என்ற பெயரில் புதுத் திட்டம் போட்டு, அதே 3 சதவீதத்தை மறுபடி எழுதினார்கள். 2020-உம் வந்து போனது, எண் 2.3 பக்கத்திலேயே நின்றுவிட்டது. எல்லாமே தோல்வி என்று சொல்ல முடியாது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களை 20 சதவீதம் குறைப்பதும், 30 முதல் 34 வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேரைப் பட்டப்படிப்பு முடிக்க வைப்பதும் நடந்தன. ஆனால் இரண்டு கோடிப் பேரை வறுமையிலிருந்து மீட்பதாகச் சொன்னது எட்டாத தூரத்திலேயே இருந்தது.

ஏன் இப்படி? நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் விம் கோக் தலைமையில் ஒரு குழு 2004-லேயே இதைத் தோண்டிப் பார்த்து, எல்லாருக்கும் பொறுப்பு என்பதால் யாருக்குமே பொறுப்பில்லாமல் போய்விட்டது என்று கிட்டத்தட்ட முகத்துக்கு நேராகவே சொன்னது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசாங்கங்கள் போடும் முதலீட்டில், அதாவது சாலை, பள்ளிக்கூடம், தண்ணீர், தொழிற்பேட்டை மாதிரியான செலவுகளில், பாதிக்கு மேல் மண்டல அரசுகளும் நகராட்சிகளும்தான் செய்கின்றன. லிஸ்பனில் எழுதியவர்கள் பிரதமர்கள், செய்ய வேண்டியவர்கள் மேயர்கள். நடுவில் எப்படிக் கயிறு கட்டுவது என்பதுதான் அப்புறம் வந்த இருபது வருஷக் கதை.

முதலில் வரைபடம். ஒன்றியம் தன் நிலப்பரப்பை 8 லட்சம் முதல் 30 லட்சம் பேர் வரை உள்ள மண்டலங்களாக வெட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலைக்கு இவ்வளவு உற்பத்தி என்று ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பின்தங்கிய மண்டலம், நிறையப் பணம். இப்போதைய விதிப்படி 75-க்கும் 100-க்கும் நடுவே என்றால் இடைநிலை. அதற்கு மேல் என்றால் கொஞ்சமாகத்தான் வரும். ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் இந்த நிதியில் 2021 முதல் 2027 வரைக்கும் சுமார் 39,200 கோடி யூரோ, ஒன்றிய பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதில் பெரும்பகுதி அந்த 75 சதவீதக் கோட்டைப் பார்த்துத்தான் நகர்கிறது. கோட்டுக்குக் கீழே போக என்ன செய்யலாம் என்று யாராவது யோசிக்காமல் இருப்பார்களா? போலந்தில் வார்சாவும் அதைச் சுற்றியுள்ள மசோவியாவும் ஒரே மண்டலமாக இருந்தன. வார்சாவின் பணக்காரத்தனம் சராசரியைத் தூக்கிவிட, சுற்றியுள்ள ஏழை ஊர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனது. 2018 முதல் புள்ளிவிவரக் கணக்குக்கு மட்டும் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். நிர்வாகம் அதேதான், ஆபீஸ் அதேதான், கணக்கில் மட்டும் ஒரு கோடு. அடுத்த ஏழு வருஷ பட்ஜெட் சுற்றில் வார்சா பணக்கார மண்டலம், மீதி பின்தங்கிய மண்டலம்.

இதில் ஏமாற்று வேலை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், அந்தக் கணக்கே அவ்வளவு நேர்மையானது கிடையாது. ஒன்றியத்தில் பிரிட்டன் இருந்த காலத்தில் மேற்கு உள்-லண்டனுக்கு ஐரோப்பியச் சராசரியைப் போல 6 மடங்கு காட்டும். அங்கே குடியிருப்பவர்கள் 6 மடங்கு உழைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வேலை செய்பவர்கள் வேறு ஊரிலிருந்து ரயிலில் வருகிறார்கள், உற்பத்தி லண்டன் கணக்கில் ஏறுகிறது, அவர்களின் தலை மட்டும் வேறு ஊர்க் கணக்கில் விழுகிறது. அதே காலத்தில் பல்கேரியாவின் வடமேற்கு மண்டலம் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

பணம் எப்படி ஊருக்கு வந்து சேர்கிறது? ஒரு சின்ன ஊர் மேயர், மூடிக்கிடக்கும் பழைய மில் ஒன்றைத் தொழிற்பயிற்சிக் கூடமாக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேசிய அரசு ஐரோப்பிய ஆணையத்தோடு (பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டிருக்கும். அதற்குக் கீழே மண்டலத்துக்கு அல்லது துறைக்கு என்று திட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு திட்டத்தையும் ஒரு நிர்வாக ஆபீஸ் நடத்தும், பக்கத்தில் ஒரு கண்காணிப்புக் குழு உட்கார்ந்திருக்கும். அந்தக் குழுவில் நகராட்சிகள், தொழிற்சங்கங்கள், முதலாளிகள் சங்கம், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் இருக்க வேண்டும். 1988-ல் ழாக் தெலோர் ஆணையத் தலைவராக இருந்தபோது வந்த கூட்டுக் கொள்கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து இப்படி ஆனது, 2014-ல் அதற்கு நடத்தை நெறியே எழுதிவிட்டார்கள். விண்ணப்பம் போட்டு மேயருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. உடனே பணம் வந்துவிடும் என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கல். பெரும்பாலும் ஊர் முதலில் செலவு செய்ய வேண்டும், பில், டெண்டர் காகிதம், தணிக்கை எல்லாம் காட்டிய பிறகு பணம் திரும்பி வரும். பின்தங்கிய மண்டலத்தில் 85 சதவீதம் வரைக்கும் ஒன்றியம் தரும், பணக்கார மண்டலத்தில் 40 சதவீதம்தான், மீதியை உள்ளூரோ நாடோ போட வேண்டும். குறிப்பிட்ட வருஷத்துக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் பிரஸ்ஸல்ஸுக்கே திரும்பிவிடும். கையில் ரொக்கம் இல்லாத ஊருக்கு 85 சதவீத உதவியும் ஒரு கடன் சுமைதான். அதனால்தான் பணம் அதிகம் தேவைப்படும் மண்டலங்களில் பல அதைச் செலவழிக்கத் திணறுகின்றன.

பணத்துக்கு மேலே இன்னொரு கேள்வி, எதில் போடுவது என்பது. 2014-லிருந்து ஒன்றியம் ஒரு நிபந்தனை வைத்தது: ஆராய்ச்சிக்கு என்று எங்கள் நிதியைக் கேட்டால், உங்கள் மண்டலத்துக்கு எது கைவந்த தொழில் என்று முதலில் நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள். ஸ்மார்ட் ஸ்பெஷலைசேஷன் என்று பெயர். பொருளாதார அறிஞர் தொமினிக் ஃபோரே போன்றவர்கள் முன்வைத்த யோசனை இது. எது வளரும் என்பது ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது, பட்டறைக்காரருக்கும் ஆய்வகக்காரருக்கும் சேர்ந்துதான் தெரியும், அவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் அரசின் வேலை என்கிறது அது. கேட்க மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் இப்படி நடந்த ஊர்கள் உண்டு, ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் (பெயரில்தான் நாடு, உண்மையில் ஒரு தன்னாட்சி மண்டலம்) உள்ள எய்பார் அதில் ஒன்று.

குறுகலான பள்ளத்தாக்கில் நெருக்கியடித்து நிற்கும், முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழில். ஊர்க் கால்பந்து அணிக்கே துப்பாக்கிக் கொல்லர்கள் என்றுதான் பட்டப்பெயர். முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி செய்து கொடுத்துச் சம்பாதித்தார்கள், போர் முடிந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. பட்டறைகள் என்ன செய்தன தெரியுமா? 1840-ல் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கிய ஓர்பேயா, 1930களில் சைக்கிளுக்கு மாறியது. துப்பாக்கித் தொழிலாளர்கள் கூட்டுறவாகத் தொடங்கிய ஆல்ஃபா, தையல் மெஷினுக்குப் போனது. ரிவால்வர் செய்துகொண்டிருந்த எல் காஸ்கோ ஸ்டேப்ளர் செய்ய ஆரம்பித்தது. யோசித்துப் பாருங்கள். துப்பாக்கிக் குழலுக்கும் சைக்கிள் ஃப்ரேமுக்கும் எஃகுக் குழாயைக் கையாளத் தெரிய வேண்டும். கைத்துப்பாக்கி மேகசினில் ஸ்பிரிங் தோட்டாவைத் தள்ளுகிறது, ஸ்டேப்ளரில் அதேபோல ஒரு ஸ்பிரிங் பின்னைத் தள்ளுகிறது. தொழில் மாறியது, கைப்பழக்கம் மாறவில்லை. எந்த அமைச்சகமும் துப்பாக்கி ஊரை ஸ்டேப்ளர் ஊராக்கு என்று திட்டம் போட்டிருக்காது. ஆனால் உள்ளூர் அரசுக்கு இதில் ஒரு பங்கு உண்டு: 1913-ல் ஊரில் துப்பாக்கித் தொழிற்பள்ளி ஒன்று நகராட்சியின் கைகொடுப்போடு தொடங்கியது. இயந்திரங்களில் நுணுக்கமாக வேலை செய்யத் தெரிந்த ஆட்களை அது வருஷா வருஷம் அனுப்பிக்கொண்டே இருந்தது. 1981-ல் டெக்னிக்கர் என்ற ஆராய்ச்சி மையமும் அந்தப் பள்ளியின் வழியாகவே உருவானது. ஸ்பெயினின் இயந்திரக் கருவித் தொழிலில் பெரும்பகுதி இன்று இந்தப் பள்ளத்தாக்குகளைச் சுற்றியே இருக்கிறது.

1980களில் பாஸ்க் நாட்டுக்குப் பெரிய அடி விழுந்தது. எஃகு ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் சாய்ந்தன, வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது, பில்பாவோவின் எவுஸ்கல்துனா கப்பல் தளம் 1988-ல் மூடிவிட்டது. வெளியூர்க்காரர்கள் பில்பாவோ என்றால் 1997-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகத்தைத்தான் சொல்வார்கள், அது கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாத வேலையை 1981-ல் மண்டல அரசு தொடங்கிய ஸ்ப்ரி என்ற தொழில் வளர்ச்சி நிறுவனமும், 1990களில் தொழில்வாரியாக உருவான சங்கங்களும் செய்தன. பிரஸ்ஸல்ஸ் 2014-ல் கேட்ட பட்டியல் இவர்களிடம் ஏற்கனவே பாதி தயார்: மேம்பட்ட உற்பத்தி, எரிசக்தி, உயிர் அறிவியலும் மருத்துவமும்.

ஆனால் ஒரு சிக்கல். ஐரோப்பாவே எடுத்துக்காட்டாகச் சொல்லும் இந்த மண்டலம், பிரஸ்ஸல்ஸ் பணத்தை நம்பி இல்லாத மண்டலம். பாஸ்க் மாகாணங்கள் வரியைத் தாங்களே வசூலித்து, மாட்ரிட்டுக்கு அதன் பங்கை அனுப்புகின்றன. ஐரோப்பாவில் எத்தனை மண்டலங்களுக்கு இது வாய்க்கும்? அந்தச் சமையல் குறிப்பை வாங்கி, பல இடங்களில் சொந்த வரியும் இல்லாமல், ஸ்ப்ரி மாதிரி அனுபவமுள்ள ஆபீஸும் இல்லாமல் 120-க்கும் மேற்பட்ட திட்டங்கள் எழுதப்பட்டன. விளைவு? எரிசக்தி, மருத்துவம், உணவு, கணினி என்று பல மண்டலங்கள் ஒரே பட்டியலைக் கொடுத்தன. மகனுக்கு என்ன வரும் என்று கேட்டால் டாக்டர், இன்ஜினீயர் என்று எல்லா வீட்டிலும் சொல்வது மாதிரி.

ஆகவே ‘உள்ளூர் அரசுகளை ஈடுபடுத்துவது’ என்ற வார்த்தையைக் கேட்டால் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன், பேனா யார் கையில் இருக்கிறது என்று. போலந்தில் 2007-லிருந்து 16 மண்டலங்களும் தங்கள் தங்கள் ஐரோப்பியத் திட்டத்தைத் தாங்களே நடத்துகின்றன. மண்டலத் தலைவருக்கு மார்ஷல் என்று பெயர் (ராணுவக்காரர் இல்லை, மண்டலச் சபை தேர்ந்தெடுப்பவர்). அவர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் பல வருஷமாக டெண்டரும் தணிக்கையும் பார்த்துக் கைதேர்ந்தவர்கள். ஹங்கேரியிலும் 2007-ல் மண்டலத் திட்டங்கள் இருந்தன. அடுத்த சுற்றில் எல்லாம் புடாபெஸ்ட் அமைச்சகங்களின் கைக்குப் போய்விட்டது. இரண்டு நாட்டுக்கும் ஒரே ஐரோப்பிய விதி, அதே கூட்டுக் கொள்கை, அதே கண்காணிப்புக் குழு.

பிரஸ்ஸல்ஸில் இவர்களுக்கென்று ஒரு அவையும் உண்டு, மண்டலங்கள் குழு. 1994-ல் முதல் முறை கூடியது, இப்போது 329 உறுப்பினர்கள், எல்லாரும் ஊரில் தேர்தலில் நின்று வந்தவர்கள் அல்லது அப்படி வந்த சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். கருத்து சொல்லலாம், அதன்படி நடந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. உள்ளூரில் முடியும் வேலையைப் பிரஸ்ஸல்ஸ் பிடுங்கினால் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற உரிமை, ஒன்றியத்தின் அடிப்படை விதிகளை மாற்றிய லிஸ்பன் ஒப்பந்தத்தோடு (2000-ல் எழுதிய திட்டம் வேறு) 2009-ல் கிடைத்தது. ஆனால் வருஷா வருஷம் ஒவ்வொரு நாட்டுக்கும் எதைச் சீர்திருத்த வேண்டும் என்று பரிந்துரை எழுதும் சுழற்சி இருக்கிறதே, அது ஆணையத்துக்கும் தலைநகரங்களுக்கும் நடுவில் நடப்பது.

கொரோனாவுக்குப் பிறகு வந்த மீட்பு நிதி அந்த வழியைத்தான் பிடித்தது. நாட்டுக்கு ஒரு திட்டம், தலைநகரம் எழுதும், இலக்கைத் தொட்டால் பணம். வேகமாக நகர்ந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் நகரங்களையும் மண்டலங்களையும் பெயருக்குத்தான் கேட்டார்கள் என்று மண்டலங்கள் குழு புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. 2025 ஜூலையில் ஆணையம் 2028 முதல் 2034 வரைக்கான பட்ஜெட் யோசனையை வைத்தபோது, விவசாய மானியமும் மண்டல நிதியும் சேர்ந்து நாட்டுக்கு ஒரே திட்டம் என்று அதே மாதிரியை நீட்டியிருந்தது. பெயர் என்னவோ ‘தேசிய, மண்டலக் கூட்டுத் திட்டம்’. அதற்குள் மண்டலத்துக்கென்று தனி அத்தியாயம் இருக்கலாம், ஆனால் அதை எப்படி அமைப்பது என்பதை அந்தந்த நாடு தன் ஆட்சி முறைப்படி பார்த்துக்கொள்ளும். போலந்தின் மார்ஷலும் ஹங்கேரியின் மேயரும் ஒரே வரியைப் படித்துவிட்டு இரண்டு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.