கறுப்பு நூல் ஏன் வெளிறித் தெரிகிறது?

மருதமுனையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார்: “சேர், எங்கட வாப்பா ஒரே கழியில இருந்து எடுத்த கறுப்பு நூலத்தான் ரெண்டு சாறனுக்கும் போட்டவர். வெள்ளச் சாறன்ல கறுப்புக் கட்டம் மை மாதிரி இருக்கு. கடும் நீலச் சாறன்ல அதே கறுப்பு வெளிறி, கறள் பிடிச்ச மாதிரி இருக்கு. சாயம் பிழையெண்டு வாப்பா நூல்காரரோட கதைக்கிறதே இல்ல. உம்மம்மா கண்ணூறு எண்டுறா. என்ன காரணம்?”

முதலில் நூல்காரருக்கு நீதி செய்துவிடுவோம். ஒரு கெட்டி மட்டையில் விரல் நகம் அளவுக்கு இரண்டு துளை போடுங்கள். இரண்டு சாறனையும் அருகருகே விரித்து, ஒரு துளைக்குள் வெள்ளைச் சாறனின் கறுப்பும் மற்றதற்குள் நீலச் சாறனின் கறுப்பும் மட்டும் தெரியும்படி மட்டையை வையுங்கள். நீளவாக்கில் ஓடும் கறுப்புப் பாவும் குறுக்கே ஓடும் கறுப்பு ஊடையும் சந்திக்கிற சதுரத்தைத்தான் பார்க்க வேண்டும். கறுப்புப் பாவுக்குள் நீல ஊடை ஓடுகிற இடத்தில் இரண்டு நிறமும் உண்மையிலேயே கலந்திருக்கும், அது வேறு கணக்கு. சரியான சதுரத்தைப் பார்த்தால், ஒரே கழி நூல் என்ற வாப்பாவின் சொல் உண்மையானால், இரண்டு துளைக்குள்ளும் ஒரே கறுப்புத்தான் இருக்கும். மட்டையை எடுத்தவுடன் ஒன்று மறுபடியும் வெளிறும்.

இதே வழக்கு 200 வருடங்களுக்கு முன்னர் பாரிஸ் நகரத்தில் நடந்திருக்கிறது. அங்கே கோபலான் என்ற அரச நெசவுச்சாலை, சுவரில் தொங்கவிடும் பெரிய சித்திரத் திரைகளை நெய்து வந்தது. 1824 இல் அதன் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக மிஷேல் செவ்ரேல் என்ற இரசாயனவியலாளரை நியமித்தார்கள். கொழுப்பையும் சவர்க்காரத்தையும் ஆராய்ந்து பெயர் பெற்றவர். நீல, ஊதா உடைகளின் மடிப்புகளுக்கு நிழல் கொடுக்கப் பயன்படுத்தும் கறுப்புக் கம்பளி நூலில் கருமை போதாது என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். செவ்ரேல் வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டார். கோபலானின் கறுப்பு எதற்கும் குறைந்ததாக இல்லை. குறை சாயத்தொட்டியில் இல்லை, பக்கத்தில் இருக்கிற நீலத்திலும் பார்க்கிறவர் கண்ணிலும் இருக்கிறது என்று கண்டுகொண்டார். இரசாயனவியலாளர் ஒருவர் தன் இரசாயனத்தை விட்டிறங்கி, பார்வையைப் படிக்கத் தொடங்கிய கதை இது. நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதைப் பற்றி 1839 இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். பிரெஞ்சு ஓவியர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். புள்ளி புள்ளியாக நிறம் வைத்து வரைந்த ஜோர்ஜ் சோரா அவர்களில் ஒருவர்.

ஓவியத்தைப் பற்றிப் பேச மூன்று சொல் இருந்தால் பாதி வழி போய்விடலாம். சிவப்பா பச்சையா என்பது நிறம். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருள் என்பது ஒளிமட்டம். பளிச்சென்றிருக்கிறதா, சாம்பல் கலந்து மங்கியிருக்கிறதா என்பது செறிவு. பலரும் நிறத்தையே பார்க்கிறார்கள். தேர்ந்த ஓவியர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பார்ப்பார், பார்த்திருப்பீர்கள். சின்ன விபரங்கள் கரைந்து ஒளிமட்டம் மட்டும் எஞ்சி நிற்கும், படம் தன் காலில் நிற்கிறதா விழுகிறதா என்று அப்போது தெரியும். நான்காவது சொல்தான் இன்றைக்கு நமக்கு வேண்டியது: முரண். ஒரு நிறத்துக்கும் அதன் பக்கத்து நிறத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம். மற்ற மூன்றையும் துணியிலோ தாளிலோ கருவி வைத்து அளந்துவிடலாம். கருவி கொடுக்கும் எண்ணை முரண் நம் கண்ணுக்குள் மாற்றிவிடுகிறது.

எப்படி மாற்றுகிறது என்பதுதான் என்னை இருபது வருடங்களாக விடாமல் பிடித்து வைத்திருக்கிற விஷயம்.

விழித்திரையில் கோல்களும் கூம்புகளும் இருப்பதைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். கோல்கள் ஏறத்தாழ 12 கோடி, கூம்புகள் ஏறத்தாழ 60 இலட்சம். ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் உள்ள இழைகள் ஏறத்தாழ 10 இலட்சம்தான். நூறுக்கும் மேற்பட்ட கலங்களின் செய்திக்கு ஒரு இழை. எல்லாவற்றையும் அப்படியே அனுப்ப முடியாது, எதையாவது விட்டுவிட வேண்டும். ஒரே மாதிரி இருக்கிற இடத்தைப் பற்றிக் குறைவாகவும், மாறுகிற இடத்தைப் பற்றி அதிகமாகவும் கண் சொல்லியனுப்புகிறது.

அதற்கு அது கையாளும் வழி மிக எளிமையானது. ஒவ்வொரு கலமும் தனக்குக் கிடைத்த ஒளியைச் சொல்லும், அத்தோடு பக்கத்துக் கலத்தின் குரலையும் கொஞ்சம் அமத்தும். இதைப் பக்கத் தடை என்று சொல்லலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கலங்கள் வரிசையாக இருக்கின்றன. இடப்பக்கம் இருள், ஒவ்வொன்றுக்கும் ஒளி 10. வலப்பக்கம் வெளிச்சம், ஒவ்வொன்றுக்கும் 50. ஒவ்வொரு கலமும் தன் இரு அயலவரின் ஒளியிலும் பத்தில் ஒரு பங்கைத் தன்னிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இருளின் நடுவில் உள்ள கலத்துக்கு இரு பக்கமும் 10. ஆகவே 10 இலிருந்து 1, இன்னொரு 1 கழிய, 8. இருளின் கடைசிக் கலத்துக்கு ஒரு பக்கம் 10, மறுபக்கம் 50. 10 இலிருந்து 1 உம் 5 உம் கழிய, 4. எல்லைக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தின் முதல் கலம்: 50 இலிருந்து 1 உம் 5 உம் கழிய, 44. வெளிச்சத்தின் நடுவில் 50 இலிருந்து 5, 5 கழிய, 40.

வந்ததை வரிசையாக வாசியுங்கள்: 8, 8, 4, 44, 40, 40. உள்ளே போனது வெறும் 10 உம் 50 உம். வெளியே வந்ததில், எல்லையின் இருண்ட பக்கம் இன்னும் இருண்டிருக்கிறது, வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகியிருக்கிறது. யாரும் கீறாமலே ஒரு கோடு கீறப்பட்டுவிட்டது. கழித்தலைத் தவிர வேறு எதுவும் தெரியாத கலங்கள் சேர்ந்து ஒரு சித்திரக்காரரின் வேலையைச் செய்துவிட்டன. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் சிலிர்க்கும்.

கல்லடிக் கடற்கரையில் வெயில் ஏறிய பிறகு தென்னை மரத்தின் நிழலைப் பாருங்கள். நிழலின் விளிம்பு மெல்ல மங்கி மணலோடு கலக்கிற இடத்தில், வெளிச்சப் பக்கத்தில் மற்ற மணலைவிடப் பிரகாசமான ஒரு கீற்று ஓடும், நிழல் பக்கத்தில் கருமை கூடிய ஒரு கீற்று ஓடும். மணலில் அப்படி ஒன்றும் இல்லை. இந்தக் கீற்றுகளை ஏர்ன்ஸ்ட் மாக் என்ற பௌதிகவியலாளர் 1865 இல் விபரித்தார். கண்ணை அறுத்து உள்ளே பார்க்காமலே, அயல் கலங்கள் ஒன்றையொன்று அமத்துவதால்தான் இப்படி வருகிறது என்று கணக்கால் ஊகித்தவர் அவர்.

இந்தப் பக்கத் தடையைக் கையும் களவுமாகப் பிடித்தது ஒரு குதிரை லாட நண்டின் கண்ணில். அமெரிக்காவின் ஹால்டன் ஹார்ட்லைன் அந்தக் கண்ணின் ஒற்றை நரம்பிழையைப் பிரித்தெடுத்து, அதன் மின்துடிப்புகளை எண்ணினார். ஒரு அலகுக்கு ஒளி கொடுத்தால் துடிப்பு எழும். பக்கத்து அலகுக்கும் ஒளி கொடுத்தால் முதலாவதின் துடிப்பு குறையும். நண்டைத் தாண்டி முலையூட்டிகளிலும் இப்படித்தானா? 1953 இல் ஸ்டீபன் கஃப்ளர் பூனையின் விழித்திரையில், நடுவில் ஒளி பட்டால் துடிக்கிற, சுற்றிவர ஒளி பட்டால் அடங்குகிற திரட்டுக் கலங்களை, அதாவது பார்வை நரம்பின் இழைகள் புறப்படுகிற கலங்களை, காட்டினார். நடுவும் சுற்றும் எதிரெதிராக வேலை செய்யும் வேறு கலங்களும் இருந்தன. ஹார்ட்லைனுக்கு 1967 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நண்டின் கண்ணைப் படிக்கப் பணம் கேட்டால், “இதனால் என்ன பயன்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். இன்றைக்கு உங்கள் கைபேசி எடுக்கிற படத்தின் விளிம்புகளைக் கூர்மையாக்கும் மென்பொருள் மேலே நாம் போட்ட அதே கழித்தல் கணக்கைத்தான் போடுகிறது. பயன் முன்கூட்டியே தெரிந்த ஆய்வுக்கு மட்டும் பணம் கொடுக்கிற நாட்டில் இப்படியொரு கண்டுபிடிப்பு வராது. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுவரும் இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்தால் சித்திரம் விட்டுப்போகிறது, சித்திரம் எடுத்தால் கண்ணின் அமைப்பு விட்டுப்போகிறது. மருதமுனைக்கு எட்டிய தூரத்தில் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. கணிதத்தையும் ஒலியியலையும் கையில் வைத்துக்கொண்டுதான் பழைய யாழ்களைத் தேடிப் போனார், 1947 இல் யாழ்நூலைத் தந்தார். அந்தச் சுவர் அவருக்கு இருக்கவில்லை.

சாறனுக்கு வருவோம். வெள்ளை நடுவில் உள்ள கறுப்பை, சுற்றியுள்ள வெள்ளை ஓங்கி அமத்துகிறது, கறுப்பு மையாகிறது. கடும் நீலத்தில் ஒளி குறைவு. அதனால் அமத்தும் பலமும் குறைவு, கறுப்பு மேலே எழும்பி வெளிறுகிறது. கறுப்பு என்பது அயலைப் பார்த்து முடிவாகிற ஒன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. நண்பகல் வெயிலில் நிலத்தில் விழும் ஒளி 1,00,000 லக்ஸ் அளவில் இருக்கும். அச்சு மை அதில் 100 க்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பினால் 4,000. வீட்டுக்குள் 300 லக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளைத்தாள் 100 க்கு 90 பங்கை அனுப்பினால் 270. முற்றத்தில் வாசிக்கிற பத்திரிகையின் கறுப்பு எழுத்து, அறைக்குள் இருக்கிற வெள்ளைத்தாளைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஒளியை அனுப்புகிறது. ஆனாலும் அது கறுப்பு, இது வெள்ளை.

கறள் எங்கிருந்து வந்தது? மூன்று வகைக் கூம்புகளின் செய்தியும் போகிற வழியில் இரண்டு இழுபறிகளாக மாறுகிறது: சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் மஞ்சள். சுற்றிவர நீலம் நிறைந்தால் நடுவில் உள்ளது எதிர்ப்பக்கம் தள்ளப்படும். கறுப்பின் மேல் மஞ்சளும் செம்மஞ்சளும் மெல்லிய நிழலாகப் படியும். அதுதான் கறள்.

முழுக்கதையும் விழித்திரையில் முடிகிறதென்று நினைக்க வேண்டாம். கறுப்பு வெள்ளைக் கோடுகளில், ஒரு கறுப்புக் கோட்டின் துண்டை எடுத்துவிட்டுச் சாம்பலை வைத்தால், அந்தச் சாம்பலுக்கு இரு பக்கமும் நீளமாக வெள்ளை இருக்கிறது. பக்கத் தடையின்படி அது இருள வேண்டும். வெளிறுகிறது! 1979 இல் மைக்கல் வைட் காட்டிய இந்த விந்தை, எது எதோடு சேர்ந்தது என்று மூளையும் தீர்ப்புச் சொல்கிறது என்பதைக் காட்டுகிறது. கோடும் கட்டமும் நெய்கிறவர்கள் இதை ஒரு முறையாவது தாளில் வரைந்து பார்க்க வேண்டும்.

கண்ணூறு என்று சொன்ன உம்மம்மா பேத்தியின் வீட்டு உழைப்பை நினைத்துக் கவலைப்பட்டுச் சொல்லியிருப்பார். எனக்குள்ள வருத்தம் வேறு. அப்படிச் சொன்னவுடன் தேடுவது நின்றுவிடுகிறது, நூல்காரரோடு இருக்கிற கோபமும் தீராமல் கிடக்கிறது.

வாப்பாவுக்கு இரண்டு வழி சொல்கிறேன். நீலச் சாறனுக்கு வெறும் கறுப்பை விட்டு நீலம் கலந்த கறுப்பு நூலைக் கேளுங்கள். கண் ஏற்றுகிற செம்மஞ்சளை அந்த நீலம் சரிக்கட்டிவிடும். அல்லது கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் பாவில் ஒன்றிரண்டு வெள்ளை இழைகளை ஓடவிடுங்கள், கறுப்பு இறுகும். பாவு முழுவதும் ஓட்டுவதற்கு முன்னர், தறியில் போடப்போகிற அகலத்திலேயே இரண்டு நூலையும் ஒரு மட்டைத்துண்டில் நெருக்கிச் சுற்றி, வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கடையில் கழியைத் தனியாகத் தூக்கிப் பிடித்து நிறம் தெரிவு செய்ய வேண்டாம்.